லாகீஸ், கி.மு. 701: அசீரியா ஒரு ஊரைப் பிடிச்ச விதம் (நிகழ்வு ஆய்வு)

எந்த கேஸ், ஏன் இது

அசீரியான்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது ரெண்டு விஷயம். ஒண்ணு யோனா போகமாட்டேன்னு ஓடின நினிவே, இன்னொண்ணு எருசலேமுக்கு வந்த அசீரிய ராஜா சனகெரிப்போட படையில ஒரே ராத்திரியில 1,85,000 பேர் செத்துக் கிடந்த சம்பவம். ரெண்டாவதை பிரசங்கத்துல எத்தனையோ தடவை கேட்டிருப்போம், ஆனா அதே படையெடுப்புல, எருசலேமுக்கு தென்மேற்குல சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருந்த லாகீஸுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா பெரும்பாலும் யாருக்கும் பதில் தெரியாது. வேதாகமத்துல அந்த ஊர் பேர் வருது, அசீரியா ராஜா அங்க இருந்தப்போ யூதா ராஜா எசேக்கியா ஆள் அனுப்பினார்னு வருது, ஊர் எப்படி விழுந்துச்சுன்னு ஒரு வரி கிடையாது.

இதுல ஆச்சரியம் என்னன்னா சனகெரிப்போட சொந்த ரெக்கார்டுலயும் அதே நிலைமைதான். களிமண் பட்டகத்துல எழுதி வெச்ச வருஷாந்தர குறிப்புல "46 கோட்டை ஊரைப் பிடிச்சேன்"னு மொத்தமா ஒரு கணக்கு இருக்கு, லாகீஸ்ங்கற பேர் இல்ல. ஆனா அதே ராஜா நினிவேல கட்டின அரண்மனையில ஒரு முழு ரூம் சுவரையும் இந்த ஒரு ஊருக்காக செதுக்கி வெச்சிருக்கார். அந்த செதுக்கல், அப்புறம் லாகீஸ் மேட்டுல தோண்டி எடுத்தது, இந்த ரெண்டையும் சேர்த்து வெச்சாதான் கேஸ் முழுசா புரியுது.

ராஜாக்கள், அதிகாரிகள் பேர் மட்டும்தான் இதுல வரும். முற்றுகையில மாட்டின குடும்பங்க பேரோ, கோட்டையைக் காத்த தளபதி பேரோ எந்த பதிவுலயும் இல்ல. கேஸ் அவங்களோடதுதான்.

பின்னணி: அசீரியா எப்படி வேலை செஞ்சுது

இப்போ வடக்கு ஈராக் இருக்கற இடத்துல, டைகிரிஸ் ஆத்தங்கரையில இருந்த அசூர், காலாகு, நினிவே, இதுதான் இவங்க சொந்த மண்ணு. ஆரம்பத்துல வருஷா வருஷம் படை எடுத்து போய் கொள்ளையடிச்சுட்டு திரும்பற மாதிரிதான் இருந்தாங்க. கி.மு. 745ல மூணாம் திகிலாத்பிலேசர் வந்தப்புறம்தான் அது ஒரு சிஸ்டமா மாறுச்சு, நிரந்தர ராணுவம், மாகாணங்கள், கவர்னர்கள், தகவல் கொண்டு போற சாலைன்னு.

அந்த சிஸ்டத்துல ஒரு சின்ன நாடு மூணு படியா விழும். முதல்ல வருஷக் கப்பம் கட்டணும், சொந்த ராஜா அப்படியே இருப்பார். கப்பத்தை நிறுத்தினா ராஜாவை மாத்துவாங்க, நிலத்துல ஒரு பெரிய பங்கை வெட்டி எடுத்துக்குவாங்க. அப்பவும் அடங்கலைன்னா நாடே மாகாணம் ஆயிடும், அசீரிய கவர்னர் வருவார், ஜனங்களை வேரோட பிடுங்கி வேற இடத்துல கொண்டு போய் வெச்சுட்டு அங்க இருந்து வேற ஜனங்களை இங்க கொண்டு வருவாங்க. வடக்கு ராஜ்யமான இஸ்ரவேல் இந்த மூணு படியையும் இருபது வருஷத்துக்குள்ள இறங்கி முடிச்சுது, கி.மு. 722-720 வாக்குல அதோட தலைநகரம் சமாரியா விழுந்தப்போ 27,290 பேரைக் கொண்டு போனதா அசீரிய ராஜா சர்கோன் எழுதி வெச்சிருக்கார், அவங்களை ஆலாக், ஆபோர், மேதியரோட பட்டணங்கள்னு எங்கெங்கயோ குடியேத்தினாங்கன்னு ராஜாக்கள் புஸ்தகமும் சொல்லுது.

தெற்கு ராஜ்யமான யூதா மட்டும் முதல் படியிலயே நின்னு தப்பிச்சிட்டு இருந்துச்சு, அதுவும் எசேக்கியாவோட அப்பா ஆகாஸ் தானா போய் "நான் உங்க அடிமை"ன்னு அசீரியாவைக் கூப்பிட்டதால. கேவலமான முடிவுன்னு தீர்க்கதரிசி ஏசாயா அவரைத் திட்டினார், ஆனா கணக்குப் பார்த்தா அந்த முப்பது வருஷம் யூதாவுல ஊர் எரியல, திராட்சைத் தோட்டம் அழியல, வடக்கே இருந்து தப்பி வந்தவங்களும் சேர்ந்து எருசலேம் பல மடங்கு பெருசாச்சு.

கப்பத்தை நிறுத்தின முடிவு

கி.மு. 705ல சர்கோன் அனத்தோலியாவுல ஒரு சண்டையில செத்துப் போறார், உடம்பு கூட கிடைக்கல. அசீரிய ராஜாவுக்கு இப்படி ஒரு சாவுங்கறது அன்னைக்கு பயங்கரமான அபசகுனம், மகன் சனகெரிப் அப்பா கட்டின புது தலைநகரத்தையே விட்டுட்டு நினிவேக்கு மாறிட்டார். பாபிலோன்ல மெரோதாக்பலாதான்ங்கற தலைவர் கலகத்துக்குக் கிளம்பினார், மேற்குல சீதோன், அஸ்கலோன், எக்ரோன், யூதா எல்லாம் கப்பத்தை நிறுத்திட்டாங்க. எகிப்துல அப்போ ஆண்டுட்டு இருந்த கூஷ் (இப்போ சூடான் இருக்கற பக்கம்) வம்சம் வேற பின்னால நிக்கறோம்னு சொல்லிச்சு.

எசேக்கியா இதுல சும்மா சேர்ந்துக்கல, நடுவுல நின்னு நடத்தின ஆளு அவர். எக்ரோன் ராஜாவோட பேர் பாதி, அவர் அசீரியாவுக்கு விசுவாசமா இருந்தார், அவரோட ஊர்க்காரங்களே அவரை சங்கிலி போட்டு எசேக்கியாகிட்ட ஒப்படைச்சாங்க, எசேக்கியா அவரை எருசலேம்ல அடைச்சு வெச்சார். இதுக்கப்புறம் "தெரியாம சேர்ந்துட்டேன்"னு சொல்லி தப்பிக்க வழியே இல்ல.

தயாரிப்பு நல்லாத்தான் பண்ணிருக்கார், அதை ஒத்துக்கணும். கீகோன் ஊத்து தண்ணியை ஊருக்குள்ள கொண்டு வர பாறைக்குள்ள 533 மீட்டர் சுரங்கம், ரெண்டு பக்கமும் ரெண்டு டீம் குடைஞ்சு நடுவுல கோடாலிக்கு கோடாலி எதிர்ல சந்திச்சதை எழுதின கல்வெட்டு 1880ல கிடைச்சுது, இப்போ இஸ்தான்புல்ல இருக்கு. எருசலேம் மேற்கு மேட்டைச் சுத்தி 7 மீட்டர் அகலத்துல ஒரு சுவர், அது இருந்த வீடுகளுக்கு மேலயே போகுது, வீடுகளை எண்ணிப் பார்த்து இடிச்சு சுவரைக் கட்டினீங்களேன்னு ஏசாயா கோவப்படறது இதைத்தான்னு பலரும் நினைக்கறாங்க. அப்புறம் ராஜ முத்திரை குத்தின பெரிய ஜாடிகள், ஒண்ணுல சுமார் 45 லிட்டர் எண்ணெயோ திராட்சரசமோ பிடிக்கும், அந்த மாதிரி முத்திரை உள்ள கைப்பிடி லாகீஸ்ல மட்டும் 400க்கு மேல கிடைச்சிருக்கு.

இந்த தயாரிப்புல எனக்கு உறுத்தற விஷயம் ஒண்ணு இருக்கு. எருசலேமுக்கு தண்ணி, எருசலேமுக்கு சுவர், எல்லைப்புற ஊர்களுக்கு ஜாடி. அடி முதல்ல எங்க விழும்னு எல்லாருக்கும் தெரியும், கடற்கரை சமவெளியில இருந்து மலைக்கு ஏறற வழியில இருக்கற தாழ்நாட்டு ஊர்கள்தான் அது. லாகீஸுக்கு பக்கத்து ஊர்க்காரரான தீர்க்கதரிசி மீகா தன்னோட புஸ்தகத்துல முதல் அதிகாரத்துல அந்த ஊர்களைப் பேர் பேரா சொல்லி புலம்பறார், லாகீஸ்ல குடியிருக்கறவளே, வேகமான குதிரையை ரதத்துல பூட்டுங்கறார். ஏசாயா அரண்மனைப் பக்கத்துல நின்னு பேசினார், இவர் எரியப் போற ஊர்ல இருந்து பேசினார்.

ஊரோட நிலை

லாகீஸ் சாதாரண கிராமம் இல்ல, யூதாவுல எருசலேமுக்கு அடுத்த பெரிய ஊர். சுத்தி செங்குத்தா இறங்கற மேடு, உச்சியில 6 மீட்டர் தடிமன்ல மண்செங்கல் சுவர், சரிவுக்கு பாதியில இன்னொரு சுவர், பெரிய வாசல் கோட்டை, நடுவுல உயரமான மேடை மேல அரண்மனை, 44 மீட்டர் ஆழக் கிணறு. வாசலை நேரா தாக்கறது கஷ்டம்.

பலவீனம் ஒரே இடத்துல இருந்துச்சு, தென்மேற்கு மூலை. அங்க மட்டும் மேடு பக்கத்துக் குன்னோட ஒரு திட்டு மாதிரி ஒட்டியிருக்கும், பள்ளம் ஆழம் கம்மி. உள்ள இருந்தவங்களுக்கு இது தெரியும், அந்த மூலையில சுவரை கூடுதலா பலப்படுத்தி வெச்சிருந்தாங்க. வெளிய இருந்து வந்தவங்களுக்கும் பார்த்த உடனே தெரிஞ்சிருக்கும்.

படை வந்த வரிசை

சனகெரிப் முதல்ல பாபிலோனை கவனிச்சுட்டுத்தான் மேற்குக்கு வந்தார், அது அவரோட மூணாவது படையெடுப்பு. வடக்கே சீதோன்ல ஆரம்பிச்சார், அங்க ராஜா லூலி கடல் தாண்டி ஓடிட்டார், புது ராஜாவை உக்கார வெச்சார். அதைப் பார்த்த உடனே அம்மோன், மோவாப், ஏதோம், அஸ்தோத் ராஜாக்கள் எல்லாம் காணிக்கையோட வந்து கால்ல விழுந்துட்டாங்க. ஒரு அம்பு விடாம பாதிக் கூட்டணி அங்கயே கலைஞ்சுது.

அஸ்கலோன் ராஜாவை குடும்பத்தோட தூக்கிட்டு போனாங்க. எல்தெக்கேங்கற இடத்துல எகிப்து, கூஷ் படை வந்து மோதினாங்க, தான் ஜெயிச்சதா சனகெரிப் எழுதறார். அப்புறம் எக்ரோன். இங்க அவர் செஞ்சதை கொஞ்சம் நின்னு கவனிக்கணும்: கலகத்தை நடத்தின அதிகாரிகளைக் கொன்னு ஊரைச் சுத்தி கம்பத்துல தொங்க விட்டார், கூட சேர்ந்த குடிமக்களை கைதியா எடுத்துக்கிட்டார், சம்பந்தமில்லாதவங்களை விட்டுடுங்கன்னு உத்தரவு போட்டார். எல்லாரையும் கொன்னு தீர்க்கற வெறி இல்ல இது, யாருக்கு எவ்வளவு தண்டனைன்னு பிரிச்சு, அதை எல்லாரும் பார்க்கற மாதிரி செய்யற வேலை. அசீரியங்க கொடூரம்னு சொல்றது சரி, ஆனா அந்தக் கொடூரத்துக்கு ஒரு ஆடியன்ஸ் இருந்துச்சு, அடுத்த ஊர் வாசல்ல நின்னு பார்த்துட்டு இருக்கறவங்கதான் அது.

கூட்டணியில மிச்சம் யூதா மட்டும்தான். இங்க ரெண்டு வழி இருந்துச்சு, நேரா எருசலேமுக்கு மலை ஏறி போறது, இல்லாட்டி தாழ்நாட்டு ஊர்களை ஒவ்வொண்ணா உடைச்சு எருசலேமை தனியாக்கறது. சனகெரிப் ரெண்டாவதை எடுத்தார், காரணம் புரிஞ்சுக்க கஷ்டமில்ல: எண்ணெய், தானியம், திராட்சை எல்லாம் தாழ்நாட்டுல, எகிப்து உதவிக்கு வர்ற வழியும் அந்தப் பக்கம், லாகீஸ் விழுந்தா எசேக்கியாவுக்கு செய்தி தானா போயிடும்.

முற்றுகை

தென்மேற்கு மூலையில அசீரியங்க கல்லைக் கொட்டி சரிவுப் பாதை போட்டாங்க. கீழ சுமார் 70 மீட்டர் அகலம், மேல போகப் போக குறுகி சுவரைத் தொடும். 13,000ல இருந்து 19,000 டன் வரைக்கும் கல்லுன்னு 1970, 80கள்ல அங்க தோண்டின டேவிட் உஸ்ஸிஷ்கின் கணக்கு போட்டார். 2021ல வந்த இன்னொரு ஆய்வு ஒரு கல்லு சராசரி ஆறரை கிலோன்னு எடுத்துக்கிட்டு, சுமார் 30 லட்சம் கல்லு, வரிசையா நின்னு கை மாத்தி கொடுத்தா சுமார் 25 நாள்ல முடிச்சிருக்கலாம்னு சொல்லுது. அந்தக் கல்லைத் தூக்கினது அசீரிய சிப்பாய்ங்க மட்டுமா, இல்ல ஏற்கனவே பிடிபட்ட பக்கத்து ஊர்க்காரங்களையும் முன்னால நிக்க வெச்சாங்களா, ரெண்டாவதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்னு அந்த ஆய்வு செஞ்சவங்க நினைக்கறாங்க. அப்படின்னா மேல இருந்து அம்பு விட்டவங்களுக்கு குறியில தெரிஞ்சது சொந்த ஜனங்க முதுகு.

உள்ள இருந்தவங்க கையைக் கட்டிட்டு உக்காரல. வெளிய பாதை ஏற ஏற, அதே மூலையில சுவருக்கு உள்பக்கமா ஊரோட பழைய இடிபாட்டு மண்ணை வெட்டி எடுத்து எதிர் மேடு ஒண்ணு எழுப்பினாங்க, சுவர் உடைஞ்சாலும் பின்னால அதை விட உயரமா இன்னொரு தடுப்பு நிக்கட்டும்னு. அதையும் பார்த்துட்டு அசீரியங்க பாதையை இன்னொரு அடுக்கு உயர்த்தினது மண்ணுல தெளிவா தெரியுது. பாதை மேல வந்த இடிவண்டி சாதாரண மரத்தடி இல்ல, தோல் போர்த்தின சக்கர வண்டி, முன்னால ஈட்டி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற முனை. செதுக்கல்ல பார்த்தா மேல இருந்து எரியற பந்தங்களை வீசறாங்க, வண்டிக்குள்ள இருக்கற ஒரு ஆள் நீளமான அகப்பையால முன்பக்கம் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கார் தோல் பத்திக்காம இருக்க. தோண்டினப்போ அந்த மூலையில நூத்துக்கணக்குல அம்பு முனை, கவண் கல்லு, கூடவே 37 சென்டிமீட்டர் இரும்புச் சங்கிலித் துண்டு ஒண்ணு, ஓட்டை போட்ட பெரிய கல்லுங்க. சங்கிலியை இறக்கி இடிவண்டி முனையை மாட்டி மேல இழுக்கப் பார்த்திருக்காங்க, கல்லை கயித்துல கட்டி ஊஞ்சல் மாதிரி ஆட்டி வண்டியை அடிக்கப் பார்த்திருக்காங்கன்னு உஸ்ஸிஷ்கின் சொல்றார்.

இவ்வளவு பண்ணியும் உடைஞ்சுது. வாசல், அரண்மனை, வீடுங்க எல்லாம் ஒரே தீயில போன அடுக்கு அந்த மேட்டுல இருக்கு, மண்செங்கல் சுவரே செங்கலா சுட்டுப் போயிருக்கு.

விழுந்தப்புறம்

செதுக்கலோட அடுத்த பகுதி இதுதான், சண்டையை விட இதுக்குத்தான் நீளம் ஜாஸ்தி. வாசல்ல இருந்து ஜனங்க வரிசையா வெளிய வர்றாங்க. ஒரு பக்கம் மூணு பேரை உடம்பில் துணி இல்லாம கழுவுல ஏத்தியிருக்காங்க. கொஞ்சம் தள்ளி ரெண்டு பேரைத் தரையில நாலு பக்கமும் இழுத்துக் கட்டி தோலை உரிக்கறாங்க. அதுக்குப் பக்கத்துலயே குடும்பங்க மாட்டு வண்டியில மூட்டையோட போகுது, மூட்டை மேல பொம்பளைங்களும் குழந்தைங்களும், நடந்து வர்ற பொம்பளைங்க தலையில இருந்து கால் வரைக்கும் நீளமான முக்காடு, காலில் செருப்பு இல்ல. முன்னால சிப்பாய்ங்க அரண்மனை சாமான், ரதம், சிம்மாசனம்னு தூக்கிட்டு போறாங்க. கடைசியில குன்னு மேல நாற்காலியில சனகெரிப், எதிர்ல லாகீஸ் ஆளுங்க முழங்கால் போட்டு கையை நீட்டிக்கிட்டு.

ஒரே சுவர்ல கழுவும் மாட்டு வண்டியும் இருக்கறது தற்செயல் இல்ல. எதிர்த்தவங்களுக்கு ஒண்ணு, வேலைக்கு ஆகறவங்களுக்கு இன்னொண்ணு. அசீரியாவுக்கு ஆள் வேணும், விவசாயத்துக்கு, கட்டட வேலைக்கு, படைக்கு. அதனால குடும்பத்தைப் பிரிக்காம கூட்டிட்டு போவாங்க, வழியில சாப்பாடு, துணி, தண்ணித் தோல்பை, ஒரு ஜோடி செருப்பு, எண்ணெய் குடுக்கறேன்னு ஒரு அதிகாரி வேற கைதிங்களைப் பத்தி ராஜாவுக்கு எழுதின கடிதமே கிடைச்சிருக்கு. இரக்கம்னு நினைக்காதீங்க, போய் சேரும்போது உயிரோட இருக்கணும்ங்கற கணக்கு. நினிவே வரைக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல நடை. சனகெரிப் அரண்மனைக்கு பிரம்மாண்ட காளைச் சிலையை இழுக்கற இன்னொரு செதுக்கல்ல லாகீஸ் ஆளுங்க மாதிரியே உடுப்பு போட்டவங்க கயிறு பிடிச்சு இழுக்கறாங்க.

போகாதவங்களும் இருந்தாங்க. 1930கள்ல மேட்டு ஓரத்துல ஒரு குகையில சுமார் 1,500 பேரோட எலும்பு குவியலா கிடைச்சுது, பல ஆய்வாளர்கள் இதை 701ஓட சேர்க்கறாங்க.

எருசலேம் வாசல்ல பேச்சுவார்த்தை

சனகெரிப் லாகீஸ்ல இருக்கும்போதே எசேக்கியா அவர்கிட்ட ஆள் அனுப்பறார், தப்பு பண்ணிட்டேன், நீங்க போடறதைக் கட்டறேன்னு. ராஜாக்கள் புஸ்தகம் 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன்னுன்னு சொல்லுது, சனகெரிப் 800 வெள்ளி, 30 பொன்னுன்னு எழுதறார். ஒரு தாலந்து சுமார் 30 கிலோ, பொன்னு ரெண்டு பேர் கணக்குலயும் ஒண்ணுதான். தேவாலயக் கதவுல தான் அடிச்ச தகட்டையே எசேக்கியா உரிச்சுக் குடுத்தார். அடைச்சு வெச்சிருந்த பாதி ராஜாவையும் விட்டுட்டார், அவர் எக்ரோன்ல மறுபடி ராஜா ஆயிட்டார்.

அப்புறம் சனகெரிப்போட அதிகாரி ரப்சாக்கே எருசலேமுக்கு வந்து பேசினது வண்ணார் துறை வழியில, மேல்குளத்து வாய்க்கால் பக்கத்துல. சண்டைக்கு வந்த ஆளு பேசற பேச்சு இல்ல அது, நல்லா படிச்சுட்டு வந்த ஆளு. எகிப்து நெரிஞ்ச நாணல் தண்டு, சாய்ஞ்சா கையைக் குத்தும். 2,000 குதிரை நான் தர்றேன், ஏற உன்கிட்ட ஆள் இருக்கா. உங்க தேவனோட மேடைகளைத்தானே எசேக்கியா இடிச்சார்னு உள்ளூர் சண்டையைக் கூட தெரிஞ்சு வெச்சிருக்கார். அதிகாரிகள் பதறிப்போய் அரமேயத்துல பேசுங்க, ஜனங்க கேக்கறாங்கன்னாங்க. ஜனங்க கேக்கணும்னுதான் வந்தேன்னு சொல்லி இன்னும் சத்தமா யூத பாஷையில பேசினார். வெளிய வாங்க, அவங்கவங்க திராட்சையைச் சாப்பிடுங்க, அப்புறம் உங்க தேசம் மாதிரியே வேற தேசத்துக்கு கூட்டிட்டு போறேன். நாடு கடத்தறதை இவ்வளவு இனிப்பா யாரும் சொல்லிருக்க மாட்டாங்க. சுவர் மேல நின்னவங்க ஒரு வார்த்தை பேசல, ராஜா பேசக்கூடாதுன்னு சொல்லிருந்தார்.

எருசலேம் வரைக்கும் தப்பி ஓடி வந்த லாகீஸ் ஆளு ஒருத்தராவது அந்தச் சுவர் மேல இருந்திருப்பார், அவருக்கு அந்த "உங்க தேசம் மாதிரி" எப்படி கேட்டிருக்கும்னு யோசிச்சுப் பார்க்கலாம்.

என்ன ஆச்சு

எருசலேம் விழல. இதுல ரெண்டு தரப்பு ரெக்கார்டும் சண்டை போடலங்கறதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம். எசேக்கியாவைக் கூண்டுப் பறவை மாதிரி எருசலேம்ல அடைச்சேன், சுத்தி காவல் கோட்டை போட்டேன், வெளிய வந்தவனைத் திருப்பி அனுப்பினேன்னு சனகெரிப் பெருமை அடிக்கறார், பிடிச்சேன்னு சொல்லல. ஊருக்குள்ள அம்பு விழாது, எதிர்ல மண்மேடு போடமாட்டான்னு ஏசாயா சொன்னதா ராஜாக்கள் புஸ்தகம் சொல்லுது. கல்லு மேடு லாகீஸ்ல இருக்கு, எருசலேம்ல இல்ல. ஏன் திரும்பினாருங்கறதுல மட்டும்தான் பிரியறாங்க. வேதாகமம் கர்த்தருடைய தூதன் அடிச்சார்னு சொல்லுது, எகிப்துல அசீரியப் படையோட வில்லு நாணையெல்லாம் எலி கடிச்சு வெச்சதா ஒரு கதையை கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரடோட்டஸ் பின்னாடி எழுதினார், சனகெரிப் காரணமே சொல்லாம கப்பம் நினிவேக்கு வந்துதுன்னு முடிச்சுக்கறார், பொன்னோட சேர்த்து எசேக்கியாவோட பொண்ணுங்களும் அரண்மனைப் பொம்பளைங்களும் பாட்டுக்காரங்களும் வந்ததா. கப்பம் வந்தாச்சு, கூட்டணி உடைஞ்சாச்சு, மலை மேல ஒரு ஊருக்காக இன்னொரு நீண்ட முற்றுகை எதுக்குன்னும் அவர் யோசிச்சிருக்கலாம். விசுவாசத்தோட படிக்கறவங்களுக்கும் வரலாறா படிக்கறவங்களுக்கும் இந்த இடத்துல பாதை பிரியும், அதை நான் இங்க தீர்க்கப் போறதில்ல.

பிரியாத விஷயம் யூதா தோத்த கணக்கு. 46 ஊர். 2,00,150 பேரை வெளிய கொண்டு வந்தேன்னு சனகெரிப் சொல்றது அன்னைக்கு யூதாவோட மொத்த ஜனத்தொகைக்கே ஜாஸ்தின்னு பலர் சந்தேகப்படறாங்க, சந்தேகம் சரியாத்தான் படுது. ஆனா பல ஆயிரம்ங்கறதுல சந்தேகம் இல்ல, தாழ்நாட்டுல நிறைய ஊர் அதுக்கப்புறம் திரும்ப எழவே இல்ல. அந்த நிலத்தை வெட்டி அஸ்தோத், எக்ரோன், காசா ராஜாக்களுக்கு பங்கு போட்டுக் குடுத்தார் சனகெரிப். எருசலேம்ல அடைஞ்சு கிடந்த பாதி ராஜாவோட எக்ரோன் அடுத்த நூறு வருஷத்துல நூறு செக்குக்கு மேல வெச்சு ஒலிவ எண்ணெய் ஆட்டற பெரிய தொழில் ஊரா ஆச்சு. 1996ல கிடைச்ச கல்வெட்டுல பாதியோட மகன் கோயில் கட்டினதா எழுதியிருக்கு.

சனகெரிப்பை கி.மு. 681ல பெத்த மகனுங்களே கொன்னாங்க, இது வேதாகமத்துலயும் மெசபடோமிய பதிவுலயும் இருக்கு. கி.மு. 612ல நினிவே விழுந்துச்சு, லாகீஸ் ரூம்ல நாற்காலியில உக்கார்ந்திருக்கற ராஜாவோட முகம் மட்டும் வேணும்னே கொத்தி எடுக்கப்பட்டிருக்கு, அனேகமா அந்த சமயத்துலதான். 1840கள் கடைசியில ஆங்கிலேய ஆய்வாளர் லேயார்ட் இந்த செதுக்கல்களைத் தோண்டி எடுத்து லண்டனுக்கு அனுப்பினார், பிரிட்டிஷ் மியூசியத்துல இப்பவும் முகம் இல்லாமத்தான் இருக்கு.

வேற மாதிரி முடிவெடுத்திருந்தா

எசேக்கியாவுக்கு நல்லா தெரிஞ்ச ஒரு வழி இருந்துச்சு, சீதோன் விழுந்த உடனே மோவாப், ஏதோம் செஞ்சது. கடைசியில அவர் கட்டினதும் அதே கப்பம்தான், 46 ஊர் போனப்புறம் கட்டினார். பாதி ராஜாவை சிறையில வெச்சிருந்ததால முன்னாடியே பேசியிருந்தாலும் விட்டிருக்க மாட்டாங்கன்னு ஒரு வாதம் இருக்கு, ஓரளவு நியாயம்தான், ஆனா லாகீஸுக்கு ஆள் அனுப்பினப்போ ஏத்துக்கிட்டவங்க எல்தெக்கே சண்டைக்கு அடுத்த நாள் அனுப்பிருந்தா ஏத்துக்கிட்டிருப்பாங்கன்னுதான் நான் நினைக்கறேன். எகிப்துப் படை அங்க தோத்த உடனே கூட்டணிக் கணக்கு முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் லாகீஸ் தாங்கின ஒவ்வொரு நாளும் எருசலேமுக்கு கிடைச்ச நாள். லாகீஸுக்கு அதுல ஒண்ணும் கிடைக்கல.

மகன் மனாசே பாடம் படிச்சிருந்தார். சனகெரிப்போட மகன் எசரத்தோன் கட்டின அரண்மனைக்கு மரமும் கல்லும் அனுப்பின ராஜாக்கள் பட்டியல்ல அவர் பேர் இருக்கு, 55 வருஷம் ஆண்டார், யூதாவுல ஒரு ஊரும் எரியல. வேதாகமம் அவரை மோசமான ராஜான்னு சொல்லுது, அதுக்கு வேற காரணங்கள் இருக்கு, ஆனா தாழ்நாட்டுல மிச்சமிருந்த விவசாயிகிட்ட கேட்டா வேற பதில் வந்திருக்கலாம்.

எருசலேம் ஜனங்க படிச்ச பாடம்தான் வேற. ஊர் விழல, அதனால இந்த ஊர் விழாது, ஆலயம் இருக்கற வரைக்கும் விழாதுன்னு ஒரு நம்பிக்கை ஊறிப் போச்சு. நூறு வருஷம் கழிச்சு அசீரியா இடத்துல பாபிலோன் வந்தப்போ அதே எகிப்து, அதே கப்ப நிறுத்தம். ஆலயம் ஆலயம்னு சொல்லிட்டு இருக்காதீங்கன்னு தீர்க்கதரிசி எரேமியா சொன்னதுக்கு அவரைக் கொல்லணும்னு இழுத்துட்டு வந்தாங்க. அப்போ சில பெரியவங்க எழுந்து, எசேக்கியா காலத்துல மீகாவும் இந்த ஊர் மண்மேடாகும்னுதான் சொன்னார், அவரை யாரும் கொல்லலையேன்னு கேட்டாங்க. எரேமியா தப்பிச்சார், பேச்சை யாரும் கேக்கல. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் படை வந்தப்போ கோட்டை ஊர்கள்ல கடைசியா மிச்சம் இருந்தது ரெண்டே ரெண்டு, அசெக்காவும் மறுபடி கட்டி எழுப்பின லாகீஸும். கி.மு. 586 வாக்குல ரெண்டும் போச்சு, இந்த தடவை எருசலேமும் சேர்ந்து.